வளையல் ஏறாத கை

அண்ணி,

போன செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டேன். மொத்தம் பதினெட்டுப் பக்கம். மேலே கண்ணாடித் தாள், அடியில் நீல அட்டை. பிரிண்டரிலிருந்து எடுத்தபோது தாள்கள் சூடாக இருந்தன. ஓரங்களைத் தட்டிச் சேர்க்கும்போது அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியது. கடைசியாக உங்கள் கையைப் பிடித்தபோதும் அது இப்படித்தான் சுட்டது என்று நினைப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

நான் இப்போது தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம். டைப்பிங், பிரிண்ட், பைண்டிங் எல்லாம் நான்தான். கம்ப்யூட்டர் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. வருகிறவர்கள் ஓனர் அக்காவிடம் பேசுவார்கள், அவர் என்னிடம் சொல்வார். யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு வருடமாக இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுவேன் என்று ஒருநாள் உங்களிடம் சொன்னேனே, நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்த ஆளாகவேதான் இருக்கிறேன்.

கடைக்குப் பின்தெருவில் ஒரு நர்சிங் காலேஜ் உண்டு. அங்கே படிக்கிறவர்கள் ஆளுக்கொரு நோயாளியை எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் உள்ள ஒரு தியரியை வைத்து அவரை எப்படிக் கவனித்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் உண்மையாகவே போய்ப் பார்த்து எழுதுகிறார்கள். சிலர் சீனியர்களின் ஃபைலைப் பென்டிரைவில் வாங்கி வந்து பெயரை மாற்றச் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வந்தவள் இரண்டாவது ரகம். கொண்டைக்கு வலை போட்டு, கையில் பாதி தின்ற பஃப்ஸோடு நின்றாள். ஓனர் அக்கா சாப்பிடப் போயிருந்ததால் என்னிடமே பேசினாள். என்னைவிட இரண்டு வயதாவது மூத்தவளாக இருப்பாள். ஆனால் கடைக்குள் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அக்காதான்.

"அக்கா, பேருக்கு ஒரு லெட்டர்தான் இருக்கும், அத வேற லெட்டர் ஆக்கிடுங்க. வயசு இருபத்து மூணு, இருபத்தஞ்சு போட்டுடுங்க. ஏரியா அனகாபுத்தூர்னு இருக்கும், அஸ்தினாபுரம்னு மாத்திடுங்க. அவ்ளோதான், சிம்பிள்."

ஃபைலைத் திறந்தேன். கர்ப்பக் காலத்து ரத்த அழுத்தம் பற்றியது. அந்த மாதிரி எத்தனையோ அடித்திருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும், ஆனால் இந்தச் சொற்கள் பழகிவிட்டன. இரண்டாம் பக்கத்தில் குடும்ப விவரம். கணவர், லோடு வேன் டிரைவர். மாமியார், தோல் கம்பெனியில் தையல் வேலை. நாத்தனார், வயது பதினாறு, படிப்பை நிறுத்தியவர், நோயாளியைக் கவனித்துக்கொள்பவர். அதன் பக்கத்தில் மூன்று வார்த்தை: ஷை, பட் கோஆப்பரேட்டிவ். கூச்சம் உண்டு, ஆனால் ஒத்துழைக்கிறாள்.

அந்த ஒற்றை எழுத்திலிருந்து நான் உங்களை அடையாளம் காணவில்லை, அண்ணி. என்னை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடித்தேன்.

அந்த நர்ஸ் அக்கா நம் வீட்டுக்கு முதலில் வந்தது உங்களுக்கு ஏழாம் மாதம் பிறந்தபோது. படித்துக்கொண்டிருந்த பெண்தான், நாம்தான் நர்ஸ் என்று கூப்பிட்டோம். நீலக் கட்டம் போட்ட யூனிஃபார்ம், தோளில் துணிப்பை, பைக்குள் பிரஷர் மெஷின். தெருத் தெருவாகக் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர், உங்கள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். கழற்றிவிட்டு மறுபடி சுற்றினார். அதுவரை சிரித்துச் சிரித்துப் பேசியவர் இரண்டாவது தடவைக்குப் பிறகு சிரிக்கவில்லை. மறுநாள் அவரே உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாத்திரை கொடுத்தார்கள். வேலை செய்யக் கூடாது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள்.

நீங்கள் படுக்க வேண்டும் என்றால் வேறு யாராவது நிற்க வேண்டும். அம்மா பம்மலுக்குக் காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவாள். அண்ணன் எந்த ஊரில் எந்த லோடோடு இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. உண்மையில் எனக்குப் பிடிக்காதது எழுந்து நிற்பது மட்டும்தான். அதை நானும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள்.

"குழந்த பொறக்கட்டும். நானே உன்னக் கூட்டிட்டுப் போயி மறுபடி சேத்துவிடறேன். ஹெச்செம் கிட்ட நான் பேசறேன், நீ பின்னாடி நின்னா போதும்."

பின்னால் நின்றால் போதும் என்று என்னிடம் இதுவரை வேறு யாரும் சொன்னதில்லை.

பதினைந்து நாள் அந்த நர்ஸ் அக்கா தினமும் வந்தார். அவருடைய பாடத்துக்கு நீங்கள்தான் கேஸ். முதல் நாள் ஒரு நோட்டு கேட்டார். என்னுடைய பொருளியல் நோட்டைக் கொடுத்தேன், அதில் நான்கு பக்கம்தான் எழுதியிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டார். தானே, சேர்ந்து, பிறர் என்று தலைப்பு எழுதினார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் வீட்டில் இருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டே என்ன இது என்று கேட்டாள்.

"எங்க புக்ல ஒரு தியரி இருக்கும்மா. மனுஷங்கன்னா தன்னத் தானே பாத்துக்கறாங்க இல்லையா, சாப்பிடறது, தூங்கறது, உடம்பு முடியலன்னா சொல்றது. நோயோ கர்ப்பமோ வந்தா அதுல கொஞ்சம் முடியாமப் போகும். எவ்வளவு முடியலையோ அந்தப் பள்ளத்த நாங்க நிரப்பணும். சிலது முழுசா செஞ்சு தரணும், சிலது கூட நின்னு செய்யணும், சிலது சொல்லிக் குடுத்தா போதும்."

"தன்ன தானே பாத்துக்கினா, அப்பால புருசன் இன்னாத்துக்குக் கீறான்?" என்றாள் அம்மா.

"அதான் பிறர்னு கடைசியா ஒரு கட்டம் இருக்கே, அதுல போட்டுடலாம்" என்றார் நர்ஸ் அக்கா. நீங்கள் சிரித்து, சிரித்ததில் வயிறு இழுத்து, இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தீர்கள். எனக்கு அந்த நோட்டும் கட்டமும் ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டு வேலையை எல்லாம் ஒருவர் இப்படித் தாளில் பிரித்து எழுதி நான் பார்த்ததில்லை. தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, அடுப்படி எல்லாம் பிறர். நடப்பது, குளிப்பது சேர்ந்து. மாத்திரை போடுவது, குழந்தையின் அசைவை எண்ணுவது தானே. அந்தக் கட்டத்தின் கடைசியில், அபாய அறிகுறி வந்தால் சொல்வது.

ஐந்து அறிகுறியையும் உங்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லித் தந்தார். தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது, குழந்தை அசைவு குறைவது. நீங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தீர்கள். எனக்கும் மனப்பாடம் ஆனது. உங்கள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி, எடுத்தபின் குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணவும் எனக்குக் காட்டிக் கொடுத்தார். கால் வீங்குவது எல்லாருக்கும் வரும், கை வீங்கினால் உடனே வா என்றார். மோதிரம் இறுகும், வளையல் இறுகும், அப்படிக் கண்டுபிடி என்றார்.

எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் சொல்வது என்ற வேலையைத் தானே என்ற கட்டத்தில் போட்டாரே, அங்கேதான் தப்பு நடந்தது. நம் வீட்டில் குடம் தூக்குவதைவிடக் கஷ்டமான வேலை அது.

அம்மாவைக் கெட்டவள் என்று எழுத எனக்கு வரவில்லை. அவள் உங்களை ஒரு வார்த்தை திட்டியதில்லை. களைத்துப்போய் வருவாள், அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் ஓங்கி விழும். அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டதும் நீங்கள் எழுந்து உட்காருவீர்கள். நான் இருக்கிறேன் படுங்கள் என்றால், பரவால்ல என்று சொல்லிக்கொண்டே வெங்காயத்தை எடுத்துக்கொள்வீர்கள். கட்டம் கட்டமாக எழுதியதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அழிந்து போகும். தினமும் சாயங்காலம் நோட்டில் உங்களைக் கேட்டு எழுத வேண்டியது என் வேலை. தலைவலி? பரவால்ல. கண்? பரவால்ல. நானும் அப்படியே எழுதினேன். இப்போது புரட்டிப் பார்த்தால் பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் பரவாயில்லை, பரவாயில்லை என்றுதான் இருக்கிறது. சுத்தமான எழுத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். பிழை இல்லை.

உங்கள் மேல்தான் எனக்கு முதல் கோபம், அண்ணி. இறந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஐந்து அறிகுறியையும் அந்த அக்காவிடம் அழகாக ஒப்பித்துவிட்டு, அதே அறிகுறிகள் வந்தபோது எதற்கு வாயை மூடிக்கொண்டீர்கள்? எனக்குப் பேச வராது. உங்களுக்கு வருமே. ஹெச்செம்மிடம் எனக்காகப் பேசுகிறேன் என்றவருக்கு, தலை வலிக்கிறது என்று சொல்ல வரவில்லை.

நர்ஸ் அக்கா அதைக் கவனித்திருந்தார். கடைசி நாள் வந்தபோது நோட்டை வாங்கி எல்லாவற்றையும் படித்தார். நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். பேனாவை எடுத்து, தானே என்ற கட்டத்தில் கடைசியாக இருந்த சொல்வது என்பதைச் சுழித்து, அங்கிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டார். சேர்ந்து.

"உங்க அண்ணி சொல்ல மாட்டாங்க. நீதான் பாத்துச் சொல்லணும். என் நம்பர் பின்னாடி எழுதியிருக்கேன். எப்ப வேணா கூப்பிடு. கூச்சப்படாத."

நான் தலையாட்டினேன். அதோடு எங்கள் தெருவில் அவருடைய பதினைந்து நாள் போஸ்டிங் முடிந்தது. அவருடைய ஃபைலும் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். அந்த அம்புக்குறி நோட்டில் இருக்கிறது, ஃபைலில் இல்லை. போட்டவரை விட்டால், நேற்றுவரை நான் அதைப் பார்த்த ஒரே ஆளாக இருந்தேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. அம்மா ஆசையாகத்தான் செய்தாள். ஊரப்பாக்கத்திலிருந்து உங்கள் அம்மா வந்திருந்தார். வளையல் வாங்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். உங்கள் பழைய வளையல் ஒன்றை அளவுக்கு எடுத்துக்கொண்டு பம்மல் கடைக்குப் போய், வாய் பேசாமல் அதைக் காட்டி, அதே அளவில் சிவப்பும் பச்சையும் வாங்கி வந்தேன். கடைக்காரரிடம் பேசாமலே வாங்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

உங்களை உட்கார வைத்து, சந்தனம் பூசி, முதல் வளையலை உங்கள் அம்மா எடுத்தார். அது கட்டைவிரல் முட்டியில் நின்றுவிட்டது. இறங்கவில்லை. இன்னொன்று எடுத்தார்கள், அதுவும் நின்றது. போன மாதம் உங்கள் கையில் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்த அளவு அது.

"பொண்ணு பூரிச்சிப் போய்க்கீறா" என்றாள் பெரிய அத்தை. "கை ஊதுனா ஆம்பளப் புள்ளதான், எழுதி வெச்சிக்கோ."

"அளவ மாத்தி வாங்கினு வந்துட்டியாடி?" என்று அம்மா என்னைக் கேட்டாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருபது பேர் இருப்பார்கள். அளவு சரிதான், கைதான் சரியில்லை என்பதுதான் பதில். எனக்கு அது தெரியும். வாய் வரைக்கும் வந்தது. வகுப்பில் புத்தகத்துக்குப் பின்னால் நின்றது மாதிரி நின்றேன்.

"இன்னா மரமாட்டம் நிக்கற, போய் சோப்பு எடுத்துனு வா."

போய் சோப்பு எடுத்து வந்தேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டு வந்தேன். அதை யாரும் கேட்கக்கூட இல்லை. உங்கள் கையை என் மடியில் வைத்து நுரை வரத் தேய்த்தேன். கை சுட்டது. புறங்கையில் என் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, அப்படியே நின்றது. எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தார்களே, எண்ணினேன். பத்து வரை எண்ணியும் எழவில்லை. குனிந்த வாக்கில் உங்களை மெல்லக் கேட்டேன், தலை வலிக்குதா என்று. நீங்கள் என்னைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னீர்கள்.

"பரவால்ல. இன்னும் ஒரு மணி நேரம்தானே."

சோப்பு போட்டதும் வளையல் ஏறியது. அழுத்தி ஏற்றினார்கள். இரண்டு உடைந்து, ஒன்று கீறி ரத்தம் வந்தது. வளைகாப்பில் வளையல் உடைந்துவிட்டதே என்று உங்கள் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கண்ணு பட்டுச்சு என்றார்கள், கற்பூரம் கொளுத்திச் சுற்றினார்கள், உடைந்த துண்டுகளைப் பொறுக்கித் தண்ணீரில் போடச் சொன்னார்கள். வளையல் உடைந்ததற்கு அத்தனை பேர் பயந்தார்கள். கை வீங்கியதற்கு ஒருத்தரும் பயப்படவில்லை. பயந்த ஒருத்தி நான், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அண்ணனின் போனை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போனேன். நோட்டின் பின்னட்டையைப் பார்த்து நம்பரை அழுத்தினேன். முதலில் என்ன சொல்வது, நான் யார் என்று எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் ஹலோ என்று சொல்லும் முன் வெட்டிவிட்டேன். திங்கட்கிழமை எப்படியும் செக்கப் இருக்கிறது, அங்கே பார்த்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சனிக்கிழமை. சாயங்காலம் உங்களை ஆட்டோவில் ஏற்றினார்கள். பிறந்த வீட்டுக்குப் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பெரிய அத்தை சொன்னாள். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். இரண்டு கையிலும் வளையல் முழங்கை வரை நெருக்கி நின்றிருந்தது, ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வரக்கூட இடமில்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது உங்களுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றக் கையில் இடமில்லாமல், நர்சுகள் வளையல் எல்லாவற்றையும் உடைத்தே எடுத்தார்களாம். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. நீங்கள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

வராந்தாவில் ஒரு டாக்டரம்மா அண்ணனிடம், கை எல்லாம் இப்படி வீங்கியிருக்கே, முன்னாடியே யாரும் பார்க்கலையா என்று கேட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலியே, ஒருத்தரும் சொல்லலியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவளைத் தாங்கிப் பிடித்திருந்ததே நான்தான்.

உங்கள் பெண்ணுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. உங்கள் அம்மா வளர்க்கிறார். எங்கள் வீட்டு ஆட்கள் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை, அண்ணன் மட்டும் மாதம் ஒருமுறை போய் வருகிறான். நான் தினமும் பல்லாவரத்தில் ஏறுகிற ரயில் செங்கல்பட்டு வரை போகிறது. தாம்பரத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது ஸ்டேஷன் ஊரப்பாக்கம். ஒருநாளும் உட்கார்ந்திருந்ததில்லை. என்னைப் பார்த்து அந்தக் குழந்தை ஒன்றும் கேட்காது, எனக்குத் தெரியும். மறுபடி பள்ளிக்கூடம் போகிறாயா என்று அம்மா ஒருமுறை கேட்டாள். யார் பின்னால் நிற்பது?

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அந்த ஃபைலில் இரண்டு விதமான விவரம்தான் எழுத முடியும், அண்ணி. நோயாளி தன் வாயால் சொன்னது ஒன்று, நர்ஸ் கண்ணால் பார்த்தது இன்னொன்று. அதற்குப் பிறகு இலக்கு, கடைசியில் முடிவு. உங்கள் இலக்கு, ஐந்து அபாய அறிகுறியையும் நோயாளி சொல்வார் என்பது. முடிவு, நோயாளி ஐந்தையும் சரியாகச் சொல்கிறார், நன்றாக இருப்பதாகத் தெரிவிக்கிறார். கோல் மெட். இலக்கு எட்டப்பட்டது.

நான் நாற்காலியைத் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கஸ்டமரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு தெரியுமா?"

"யாருக்கா?"

"இந்த பேஷண்ட்."

அவள் எட்டிப் பார்த்து, மௌசை வாங்கிக் கடைசிப் பக்கத்துக்கு உருட்டினாள். "கோல் மெட்னு போட்டிருக்கேக்கா. நல்லாத்தான் ஆயிருப்பாங்க."

எங்கள் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு வரவில்லை. "ஒரு லைன் சேத்துக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். அவள் பஃப்ஸை மென்றுகொண்டே சொன்னாள், "சேத்துக்கோங்கக்கா, பக்கம் கூடுனா மார்க்கும் கூடும்."

சேர்த்தேன். என் இங்கிலீஷில் அரைமணி நேரம் ஆயிற்று. நோயாளி பரவாயில்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம், கையைப் பிடித்து வளையல் நகர்கிறதா என்று பார்க்கவும். அவ்வளவுதான். பிறகு அவள் சொன்ன மாதிரியே எல்லா இடத்திலும் உங்கள் எழுத்தை வேறு எழுத்தாக மாற்றினேன். ஒரே தட்டலில் மாறிவிட்டது. வயதை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஷை, பட் கோஆப்பரேட்டிவ் என்பதை மாற்றச் சொல்லவில்லை, விட்டுவிட்டேன். பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட்டேன். இந்த ஃபைல் அடுத்த வருஷமும் யாராவது எடுத்து வருவார்கள், அதற்கடுத்த வருஷமும் வருவார்கள், அந்த வரியும் கூடவே போகும் என்று நினைத்தேன். வீடு போகும்வரை அந்த நினைப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் திரும்பி வந்தாள். பைண்டிங்கைப் பிரித்து ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற வேண்டுமாம். நான் சேர்த்த வரியை அவளுடைய மேடம் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்.

"பேஷண்ட் சொன்னாங்களா, நீ பாத்தியா, இது யார் சொன்னதுன்னு கேக்கறாங்கக்கா. நான் என்னத்த சொல்ல? எடுத்துடுங்க, பழசு மாதிரியே இருக்கட்டும்."

மேடம் கேட்டது சரியான கேள்விதான். அவர் அந்த ஃபைலை வரி விடாமல் படித்திருக்கிறார், அத்தனையிலும் அந்த ஒரு வரிதான் அவருக்கு இடித்திருக்கிறது. வரியை எடுத்தேன். புதுப் பக்கம் போட்டுப் பழையபடி கோத்துக் கொடுத்தேன். அவள் தேங்க்ஸ்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுழித்த அந்தப் பக்கத்தை அவள் குப்பையில் போடச் சொன்னாள். போடவில்லை. நான்காக மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்து, பொருளியல் நோட்டில், அம்புக்குறி இருக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பிரித்து, யார் சொன்னது என்ற சிவப்புக் கேள்விக்குக் கீழே பென்சிலால் பதில் எழுதினேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா வராந்தாவில் அழுதுகொண்டே சொன்னதுதான்.

யாரும் சொல்லவில்லை.